கரிசல் மண்ணும் கும்பெனிக் கணக்கும்

விளாத்திகுளத்தைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரையில் கரிசல் பூமிதான். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. வெயில் காய்ந்தாலோ பாளம் பாளமாய் வெடித்துக் கல்லாய் இறுகிவிடுகிறது. பருத்தியும் கம்பும் மிளகாயும் விளையும் இந்த மண், ஒரு யுத்தத் திட்டத்தையே பொய்யாக்கியது என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

எதிரியின் ஆட்களைக் கொன்று குறைப்பது ஒரு வகை யுத்தம். எதிரியை எந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று முன்னதாகவே தீர்மானித்து, அதற்கு வேண்டிய காரியங்களைச் செய்வது மற்றொரு வகை. 1799-இல் இச்சீமைக்கு வந்த மேஜர் பானர்மன் இரண்டாவது வழியில் சென்றவர். பாளையக்காரர்கள் கோட்டையும் ஆயுதமும் இழந்து, கும்பெனிக்கு அடங்கிக் கப்பம் கட்ட வேண்டும், அதுவே நோக்கம்.

விளாத்திகுளத்துக்குத் தென்மேற்கே, ஒட்டப்பிடாரத்தை அடுத்துள்ளது பாஞ்சாலங்குறிச்சி. செப்டம்பர் 5-ந் தேதி அக்கோட்டையின்மேல் பானர்மன் நடத்திய தாக்குதல் பலிக்கவில்லை. ஆயினும் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறிப் பின்னர் பிடிபட்டார். அந்நாட்களில் பானர்மன் செய்தவை பெரும்பாலும் பார்ப்பவர் மனத்தைக் குறிவைத்தவை. தானாபதி சுப்பிரமணிய பிள்ளை, விளாத்திகுளத்துக்கு வடக்கேயுள்ள நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது, மற்றப் பாளையக்காரர்களை அங்கே வரவழைத்துப் பார்க்கச் செய்தார்கள். கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு பிறந்தது. வேலை முடிந்ததென்று கும்பெனியார் எண்ணினர்.

முடியவில்லை! 1801 பிப்ரவரி 2-ந் தேதி ஊமைத்துரையும் தோழர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். சில நாட்களுக்குள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடியும் எழுந்து நின்றது. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. காலடியில் கிடந்த மண்ணே மதிலாயிற்று. இடித்த கோட்டையை எண்ணிப் பார்த்தவர்கள், அதைக் கட்டக்கூடிய கைகளை எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த மண் மதில் மார்ச் 31-ந் தேதி மெக்காலேயின் படையைத் திருப்பியனுப்பியது. கர்னல் அக்னியூ கூடுதல் படைகளோடும் பீரங்கிகளோடும் வந்து, மே 24-ந் தேதிதான் அதைப் பிடிக்க முடிந்தது. இரு தரப்பிலும் ஏராளமானோர் மாண்டனர். ஆட்களைக் கொன்று குறைக்கும் பழைய யுத்தத்துக்கே கும்பெனியார் திரும்ப நேர்ந்தது.

கோட்டையைத் தரைமட்டமாக்கி, ஏரோட்டி, ஆமணக்கு விதைத்தார்கள் என்பர். ஜனங்கள் அந்த இடத்தையே மறந்துவிட வேண்டும் என்பது எண்ணம். அந்த எண்ணமும் பலிக்கவில்லை. 1974-இல் தமிழ்நாடு அரசு அங்கே நினைவுக் கோட்டை எழுப்பியது. அதற்கு முன்பே, நூற்றெழுபது வருஷங்களுக்கு மேலாக, கரிசல் கிராமத்து ஜனங்கள் அக்கோட்டையைத் தங்கள் கதைப் பாடல்களில் காப்பாற்றி வந்தார்கள்.