ஓடாத ஓட்டம்

என் எழுதுமேசையின்மேல், செப நூலுக்கு அருகே, பத்துச் சென்டிமீட்டர் நீளமுள்ள பச்சை நிறக் கார் ஒன்று நிற்கிறது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் சில காலம் பணிபுரிந்து திரும்பிய எம் பங்கு இளைஞர் ஒருவர் அன்போடு கொடுத்தது. "விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள், சாமி. 43-இல் ஒன்று என்ற அளவில் செய்த மாதிரி இது. உண்மை வண்டி உலகிலேயே ஒன்றுதான்" என்றார்.

அதன் பெயர் ஜாகுவார் எக்ஸ்ஜே13. பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை மனத்திற்கொண்டு 1966-இல் உருவானது. மால்கம் சேயர் அதன் வடிவை வரைந்தார். ஓட்டுநருக்குப் பின்னே 12 சிலிண்டர்கள் கொண்ட 5 லிட்டர் எஞ்சின் அமைந்தது. 1967-இல் சோதனைத் தடத்தில் மணிக்கு 161 மைல் வேகம் காட்டியது. ஆயினும் பந்தயக் களம் அதனை அழைக்கவேயில்லை. ஃபோர்டின் 7 லிட்டர் கார்கள் 1966, 1967 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அங்கே வென்றன. 1968-இல் வந்த விதியோ, இத்தகைய கார்களின் எஞ்சினை 3 லிட்டருக்குள் அடக்கிவிட்டது. 1971-இல், அதே நிறுவனத்தின் வேறொரு காருக்கான படப்பிடிப்பிற்காக வெளியே கொண்டுவரப்பட்டபோது, சக்கரம் ஒன்று பழுதுபட்டு, உருண்டு நொறுங்கியது. ஓட்டிய நார்மன் டூயிஸ் உயிர் தப்பினார்.

இதைக் கேட்ட இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. குருமடத்தில் எபிரேய மொழியை வேட்கையோடு கற்றவன் நான். விவிலியப் பேராசிரியனாவேன் என்று நம்பியிருந்தேன். அழைப்பு வரவில்லை. 28 ஆண்டுகளாகச் சிற்றூர்ப் பங்குகளில் பணியாற்றி வருகிறேன். அந்நூல்கள் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. வெளியே சொல்லாத ஒரு மனத்தாங்கல் எனக்குள் இருந்தது உண்மை.

மறுநாள் அவரிடம் கேட்டேன்: "ஒரு பந்தயத்திலும் ஓடாத காருக்கு எதற்குத் தம்பி மாதிரி?"

"அந்தப் படப்பிடிப்பு எந்தக் காருக்குத் தெரியுமா, சாமி? 12 சிலிண்டர் எஞ்சின் பூட்டிய இ-டைப் காருக்கு. பந்தயத்திற்கென்று தொடங்கிய அந்த எஞ்சின் முயற்சியின் வழிவந்ததுதான் அதுவும். அந்த வழியில் 1997 வரை ஜாகுவார் கார்கள் ஓடின."

நொறுங்கிய வண்டியையும் பின்னர்ச் செப்பனிட்டார்கள். இன்று அது கேடன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. முதல் உருவத்திற்கும் இதற்கும் சிறு வேறுபாடுகள் உண்டாம். மாதிரிகளைச் சேகரிப்போர் அவற்றையும் கூர்ந்து பார்த்தே வாங்குகிறார்களாம்.

சென்ற வாரம், கணவனை இழந்த ஒரு தாய்க்குத் திருப்பாடல் ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தேன். அதில் வரும் ஒரு சொல்லின் எபிரேயப் பொருள் தானாகவே என் நாவில் வந்தது. அவர் அழுகையை நிறுத்திக் கேட்டார். வகுப்பறை கிடைக்காவிடினும் கற்றது வீண்போகவில்லை என்று அன்று உணர்ந்தேன்.

அன்பர்களே, களம் கிடைக்காத திறமை ஒன்று உங்களிடமும் இருக்கலாம். அது பயனற்றது என்று தீர்ப்பிட அவசரப்படாதீர்கள்.