விஜயவாடாவில் ஒரு முடிச்சூர்க்காரர்

2015 டிசம்பர் 2. சென்னை போகும் ரயில்கள் ரத்து என்று விஜயவாடா ஸ்டேஷனில் திரும்பத் திரும்ப அறிவித்துக்கொண்டிருந்தார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. முடிச்சூரில் அம்மா தனியாக இருந்தார். அவருடைய செல்போன் முதல் நாள் இரவே அடங்கிவிட்டது.

விசாரணை கவுண்டரில் நான் பதறியதைக் கேட்டு, காசிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தோளைத் தொட்டார்.

"தம்பி, முடிச்சூர்ல எந்தப் பக்கம்?"

"வரதராஜபுரம் போற ரோட்டுல, உள்ள தள்ளி."

"அட, நாங்க நெல்லு போட்ட பக்கமாச்சே!"

ஒரே ஊரில் குடியிருந்தும் அதுவரை நாங்கள் முகம் பார்த்ததில்லை.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்களாம் என்றேன். தலையை ஆட்டினார். "அந்தத் தண்ணி திருநீர்மலைகிட்டதான் அடையாத்துல சேருது. நம்ம ஊரு அதுக்கு மேல இருக்கு. நமக்கு வர்றது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் ஏரித் தண்ணி."

டிக்கெட்டின் பின்பக்கம் மூன்று வட்டம் போட்டார். ஒவ்வொரு ஏரியிலும் உபரி நீர் வழியும் கலங்கலிலிருந்து ஒரு கோடு இறக்கி, மூன்றும் சேரும் இடத்தில் பேனாவை அழுத்திப் புள்ளி வைத்தார். அங்கேதான் எங்கள் நகர். நவம்பர் நடுவில் வந்த வெள்ளத்திலேயே ஏரிகள் நிரம்பியிருந்தன. இனி பெய்வதெல்லாம் நேரே கீழேதான் இறங்கும் என்றார்.

பெருங்களத்தூரில் மேட்டில் இருந்த அவருடைய மருமகன் வீட்டு பி.எஸ்.என்.எல். லேண்ட்லைன் வேலை செய்தது. "மாப்ள, அந்தம்மாவ எப்படியாச்சும் மாடிக்கு ஏத்திடணும்" என்று வீட்டு அடையாளத்தை என்னிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். மறுநாள் பேரிடர் மீட்புப் படையின் படகில் ஏறி, எங்கள் தெருவுக்கு வழி காட்டியவர் அந்த மருமகன்தான். கழுத்தளவு தண்ணீர் நின்ற வீட்டின் மொட்டை மாடியிலிருந்து அம்மாவையும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் இறக்கினார்கள்.

செம்பரம்பாக்கத்தில் நொடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றி இன்றும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் 2020 நிவர் புயலிலும் 2021 மழையிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மறுபடி தண்ணீர் புகுந்தது. புறநகரில் மனை வாங்குகிறவர்கள் பட்டாவையும் அப்ரூவலையும் பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. எந்தக் கலங்கல் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று அங்கே ஏர் ஓட்டியவர்களைக் கேளுங்கள். அவர்கள் இன்னும் நம் ஊரிலேயேதான் இருக்கிறார்கள்.