காற்றை நோக்கி இறங்குதல்

எமது கல்லூரியின் ஜூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டெழுதியபொழுது, எதனைப்பற்றி எழுதுவதென்று பல நாள் தயங்கினோம். விடுதிச் சாப்பாடு, மைதானத்து வேப்பமரம், கணித ஆசிரியரின் பிரம்பு ஆகியவற்றைப்பற்றி எம்மினும் நன்றாக எழுதவல்லார் பலர் உளர். அவர்கள் எழுதியும் இருப்பர். ஆகலின், இம்மலரில் வேறெவரும் எழுதப்புகார் என்று யாம் துணிந்த ஒரு விடயத்தையே எடுத்துக்கொண்டோம். அஃதாவது, ஆகாயவிமானத்திலிருந்து வான்குடையோடு குதித்தல். இளமையில் விடுதிச் சுவரேறிக் குதித்துப் படம் பார்க்கச் சென்று பிடிபட்ட எம்மை அறிந்த நண்பர்கள் இதனைக் கேட்டு வியப்படையார் என நம்புகின்றோம்.

யாம் பிறந்தது மன்னார்த் தீவின் மேற்கோரத்தில், தலைமன்னாருக்கு அண்மையில். 1984 வரை அத்துறையிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிற்று. விடுமுறைக்குப் புகைவண்டியில் வந்திறங்கும்பொழுது கப்பற் பிரயாணிகளின் நெரிசலிலே எம் பெட்டியைத் தொலைத்துவிட்டுத் தந்தையாரிடம் ஏச்சு வாங்கிய நாட்களும் உண்டு. அந்நிலத்தில் மலையில்லை, ஆறில்லை. எதிர்த்து மறைப்பது ஒன்றுமில்லாமையாற் காற்றே அங்கு அரசு செய்யும். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சோழகம். மார்கழியிலும் தையிலும் வாடை. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகளை நிறுத்தித் திறந்துவைத்தவர்கள் புதிதாக எதனையும் கண்டுபிடித்தாரல்லர். எங்கள் ஊர்ப் பனைகளைக் கேட்டிருந்தால் அவை முன்னமே சொல்லியிருக்கும்.

வாடை பிறந்தால் எமக்குப் பட்டமே உலகம். பட்டத்தின் உயிர் முச்சையிலே உள்ளது. முச்சையின் மேற்கயிறு ஒரு விரற்கடை நீண்டாற் பட்டம் காற்றை மார்பில் ஏற்று எழமாட்டாது திணறும். குறைந்தாலோ தலைகுத்தி விழும். இதனை எமக்குக் காட்டித்தந்தவர் அயலிலிருந்த கரைவலைச் சம்மாட்டியார் ஒருவர். அவர் படகைத் தள்ளுமுன் ஒரு பிடி மணலை எடுத்து விரல்களினூடே சொரியவிட்டு, அது சாயும் பக்கத்தைப் பார்ப்பார். பத்து நிமிடங் கழித்து மறுபடியும் சொரிவார். படகு கரைக்கு மீள வேண்டிய வேளையிற் கரையில் நின்றபடி மூன்றாம் முறையும் சொரிவார். எங்களுக்கு அது வேடிக்கை. “அப்பதானே பாத்தனியள், பெரியையா?” என்று கேட்டுச் சிரிப்போம். “அது அப்பத்தைக் காத்தெல்லோ, தம்பி” என்பார்.

பின்னர் நாட்டுநிலை எம்மைக் கனடாவிற் கொண்டுபோய்ச் சேர்த்தது. அக்கதை எல்லோர்க்கும் உள்ளதே. ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. ஐம்பதை அணுகும் வயதில், பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்த பின்னர், வார இறுதிகளில் வான்குடைக் குதித்தல் பயிலத் தொடங்கினோம். எம்மோடு ஒரே தொழிற்சாலையில் வேலைபார்த்த திருகோணமலை நண்பரொருவரையும் யாமே இழுத்துச் சென்றோம். அவர் மனைவியார் இன்றளவும் எம்மோடு முன்போல முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அதற்குரிய காரணம் பின்னர் வரும்.

பழைய போர்ப்படங்களிற் காணும் வட்டக் குடைகள் இப்பொழுது பொழுதுபோக்காகக் குதிப்போரிடையே அருகிவிட்டன. இன்றுள்ளவை நீள்சதுரமாய், உட்புறம் அறைகளாகத் தைக்கப்பட்டு, காற்றுப் புகுந்து சிறகுபோல விறைத்து நிற்பவை. இவ்வகையை 1964இல் ஆக்கியவர் டொமினா ஜல்பேட் என்னும் அமெரிக்கர். அவர் பட்டம் கட்டுவதில் வல்லவர். எம் வான்குடையை முதன்முறை தரையில் விரித்து, நீளத்தில் வேறுபடும் அதன் கயிறுகளைக் கண்டபொழுது, முச்சை என்ற சொல் தானாகவே எம் வாயில் வந்தது. பயிற்றுநர் அஃதென்ன மொழி என்று வினவினார்.

“விரியாவிட்டால் என்ன செய்வீர்?” என்பதே எவரும் எம்மிடம் முதலிற் கேட்கும் கேள்வி. முதுகில் இரண்டாவது குடையொன்று உண்டு. குதித்தவர் மயங்கிக்கிடந்து இரண்டையும் திறவாராயினும், தரைக்குமேல் ஏறத்தாழ 750 அடியில் இன்னும் வேகமாக வீழ்கின்றார் என்பதை உணர்ந்து இரண்டாவது குடையைத் தானே திறந்துவிடும் சிறு கருவியொன்றும் உண்டு. ஜேர்மனியரான ஹெல்முட் குளோத் 1991இல் அதனை வெளியிட்ட பின்னர்ப் பிழைத்தவர் பலர். ஆயின், விரியாத குடையினாலன்றி, நன்றாக விரிந்து ஒரு கயிறும் அறாது நிற்கும் குடையின் கீழே, தரையை அணுகுகையிற் செய்த பிழையினாலேயே பலர் மாண்டிருக்கின்றனர். அவ்விடத்து அக்கருவி யாதும் செய்யாது. அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்காகவே நடைபெறுகின்றது.

அதன் காரணத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். குடை காற்றிலே மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் முன்னோக்கிச் செல்வதென்றும், காற்று 20 கிலோமீற்றர் வேகத்தில் வீசுவதென்றும் கொள்வோம். காற்றை எதிர்நோக்கி இறங்குபவர் தரைக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வருவார். நான்கடி நடந்து நின்றுவிடலாம். காற்றுக்கு முதுகு காட்டி இறங்குபவர் 55இல் வருவார். ஒரே மனிதர், ஒரே குடை, ஒரே வயல்! ஆகவே இறங்குதற்கு ஓர் ஒழுங்கு வகுத்துள்ளனர். ஏறத்தாழ 1000 அடியிற் காற்றோடு கூடி இறங்குதிடலின் பக்கமாகச் செல்லுதல்; 600 அடியிற் குறுக்கே திரும்புதல்; 300 அடியிற் காற்றை நோக்கி இறுதியாகத் திரும்பி, அதன்பின் நேரே வருதல்; பத்தடி உயரத்தில் இரு கைப்பிடிகளையும் ஒருசேரக் கீழே இழுத்து வேகத்தைத் தணித்தல். முதலில் இறங்குபவர் எத்திசை நோக்கினாரோ அத்திசையையே பின்வருவோர் யாவரும் நோக்குதல் வழக்கம். தாழ நிற்பவர்க்கே வழியுரிமை. வானம் அகன்றதாயினும் இறங்குமிடம் சிறிது. 2024 ஜனவரி இறுதியிற் கொழும்புக் காலிமுகத்திடலில் சுதந்திரதின ஒத்திகையின்போது இரு குடைகள் வானிற் சிக்குண்டு படைவீரர் காயமுற்ற செய்தியை நேயர்கள் படித்திருப்பர்.

எல்லாவற்றினும் மேலான விதியொன்றுண்டு. தாழ்ந்த பின்னர்த் திரும்பற்க! கைப்பிடியை ஒரு பக்கம் வலிந்து இழுத்தாற் குடை திரும்புவதோடு அமையாது, தலைகுத்திப் பாயும். மேலே பாய்ந்தால் மீண்டெழ இடமுண்டு. 100 அடியிற் பாய்ந்தால் இல்லை. காற்று முதுகிலே பட்டாலும், நேரே இறங்கி உருண்டு எழுபவர்க்குப் பெரும்பாலும் சிராய்ப்போடு போகும். திருத்தப் புகுந்து திரும்புபவரே எலும்பு முறிவர்.

இவ்வொழுங்கை வங்காலைக் கடனீரேரியில் எவரும் காணலாம். 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட அவ்விடத்துக்குப் பூநாரைகள் வருங்காலத்தில், மாலைவேளையிற் கரையில் இருந்து பாருங்கள். கூட்டம் முதலிற் காற்றோடு கூடி நீரைக் கடந்து செல்லும். பின்னர் வளைந்து காற்றை எதிர்நோக்கி, கழுத்தையும் காலையும் நீட்டி, நீர்மேல் ஓடி நிற்கும். ஒன்றாயினும் மற்றொன்றின் குறுக்கே வந்து யாம் கண்டதில்லை. அவற்றுட் படம் பிடிப்பவை இல்லாமையும் ஒரு காரணமாகலாம்.

கமரா பற்றிய செய்தி இனித்தான். தலைக்கவசத்தின்மேற் கமரா பூட்டிக் குதிக்க விரும்புவோர் குறைந்தது 200 முறை குதித்த அனுபவமுடையோராய் இருத்தல் வேண்டும் என அமெரிக்க வான்குடைச் சங்கம் பரிந்துரைக்கின்றது. கமராவிற் கயிறு சிக்குதல் ஒரு அபாயம். அதனினும் பெரிய அபாயம், அது மனத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளுதல். 1988இல் வட கரோலினாவில் நூற்றுக்கணக்கான முறை குதித்த ஒருவர், மற்றொருவர் குதிப்பதைப் படம்பிடிக்கும் சிந்தையோடு, தம் வான்குடையைப் பூணாமலே விமானத்திலிருந்து பாய்ந்துவிட்டார். முதுகிலே படக்கருவியின் சுமை இருந்தமையாற் குடையின்மை அவர்க்குத் தோன்றவில்லை போலும். சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளித்த காலத்திற் கல்லோடு மூழ்குபவரின் கயிற்றைப் பிடிக்க மைத்துனரையே படகில் நிறுத்துவர் என்று எம் பாட்டனார் சொல்வார். தங்கை விதவையாகக்கூடாதென்னும் அச்சமுள்ளவனே கயிற்றைவிட்டு வேறெதனையும் பாரானாம்.

2017 ஆவணியில் எமது 300ஆவது குதிப்பு வந்தது. அதனைப் படம்பிடிக்க வேண்டுமென்னும் ஆசை எமக்குண்டாயிற்று. எம் நண்பர் அதுவரை குதித்தது 140 முறை. “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், மச்சான்” என்றார். யாம் விடவில்லை. கமராவை வாங்கி, தலைக்கவசத்திற் பூட்டி, எம் கையாலேயே அவர் தலையில் வைத்தோம். திடலின் பொறுப்பாளரிடம் அவர் கணக்கைச் சிறிது கூட்டியும் சொன்னோம். இதனை இன்றுதான் முதன்முறை எழுத்தில் வைக்கின்றோம்.

புறப்படும்பொழுது மேல்காற்று. மேற்கு நோக்கி இறங்குவதென முடிவாயிற்று. குடைகள் இரண்டும் நன்றாக விரிந்தன. யாம் முதலில் இறங்கினோம். கால் தடுக்கி முழங்காலில் வீழ்ந்து, சிரித்துக்கொண்டே எழுந்தோம். திரும்பிப் பார்க்கையில், எம்மைப் படம்பிடித்தவாறு பின்தொடர்ந்த நண்பர் ஏறத்தாழ 100 அடியிற் சடுதியாகத் திரும்பினார். குடை பாய்ந்தது. அவ்வொலியை இங்கு எழுதமாட்டோம். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. பதினொரு வாரம் மருத்துவமனை. இப்பொழுது ஊன்றுகோலோடு நடக்கின்றார். குடையை விரித்துப் பார்த்தவர்கள் ஒரு நூலும் அறவில்லை என்றனர். என்ன நடந்ததென்று வினவியவர்களுக்கு யாம் கூறிய விடை, “கமராவிற் கவனம் போய்விட்டது, தரையைக் கண்டு பதறித் திரும்பிவிட்டார்” என்பது. அதுவே பதிவாயிற்று. கமராவை நண்பர் எம்மிடமே தந்தார். “இது எனக்கு வேண்டாம், நீயே வைத்திரு” என்றார். அப்படத்தைப் பலமுறை பார்த்தோம். பார்த்ததெல்லாம் எம்மையே.

ஓய்வுபெற்றபின் ஆண்டில் அரைவாசி மன்னாரில் வசிக்கின்றோம். இராமர் அணைத் திட்டுகளை அடுத்த ஆழமில்லாக் கடலில், இடுப்பிற் பெரிய பட்டம் பூட்டிப் பலகையிற் சறுக்கும் விளையாட்டுக்கு இப்பொழுது வெளிநாட்டார் வருகின்றனர். ஊர் இளைஞர் சிலரும் பழகிவிட்டனர். எம் தமக்கையாரின் மகன் அவர்களுள் ஒருவன், வயது 19. சென்ற ஆனியில் அவன் எம் மேசையிற் கிடந்த கமராவைக் கண்டு, “மாமா, இதைத் தலையிலை பூட்டிக்கொண்டு போகட்டே?” என்று கேட்டான். அவனை அச்சுறுத்தவே அப்படத்தைப் போட்டுக் காட்டினோம்.

அவன் அச்சமுறவில்லை. ஓரிடத்தில் நிறுத்தி, பின்னோட்டி, மறுபடியும் நிறுத்தினான். “மாமா, காத்து உங்கடை முதுகிலையெல்லோ படுகுது!” என்றான்.

படத்தின் இடது ஓரத்தில், காற்றுத்திசை காட்டத் திடலிற் கட்டியிருந்த துணிப்பை தெரிந்தது. அதன் வால் மேற்கே பறந்துகொண்டிருந்தது. யாமும் மேற்கேதான் போய்க்கொண்டிருந்தோம். விமானம் ஏறிய பின்னர்க் காற்று முற்றாகத் திரும்பியிருக்கின்றது. யாம் கால் தடுக்கி விழவில்லை. காற்றுத் தள்ளி விழுந்தோம். முதலில் இறங்கிப் பின்வருவோர்க்குத் திசை வகுத்தவர் யாம். நண்பர் தாழ்ந்த உயரத்தில் அத்துணிப்பையைக் கண்டு, எம்மைப் பின்பற்றாது காற்றை நோக்கித் திரும்ப முயன்றிருக்கின்றார். திரும்பியது பிழையே. ஆயினும் பதறியவர் கண்டதை, சிரித்துக்கொண்டு இறங்கிய யாம் காணவில்லை.

அன்றிரவு கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். அவர் மனைவியார் எடுத்து, ஒன்றும் பேசாது அவரிடம் கொடுத்தார். யாம் சொல்லவேண்டியதை ஒருவாறு சொல்லி முடித்தோம். சற்றுநேரம் மறுமுனையில் ஒலியில்லை.

“அது எனக்கு அண்டைக்கே தெரியும், மச்சான்” என்றார். பின்னர், “இப்ப அங்கை சோழகமோ?” என்று கேட்டார்.

யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, ஆமென்றோம்.