அடைத்த கதவும் மறைசாவியும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சடங்கு உண்டு. கோடை விடுமுறைக்குப் பள்ளிகளை மூடியதும், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுவதே அது. எரிவாயு உருளையின் திருகை மூடுவோம். பாலையும் செய்தித்தாளையும் நிறுத்துவோம். துளசிக்கு நீர் ஊற்றும் பொறுப்பை அடுத்த வீட்டாரிடம் ஒப்படைப்போம். பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்த பின்னரே இரயில் நிலையத்திற்குக் கிளம்புவோம். வாசலில் நிற்கும் காருக்கு நாம் செய்வது, உறையைப் போர்த்திச் சாவியின் பொத்தானை ஒருமுறை அழுத்துவதுதான்.

ஒரு மாதம் கழிகிறது. மாவடு ஜாடியும் முறுக்குத் தூக்கும் சுமந்து தில்லிக்கோ நாகபுரிக்கோ திரும்புகிறோம். மறுநாட் காலை பொத்தானை அழுத்தினால் வழக்கமான ஒலி எழுவதில்லை, விளக்குகள் கண் சிமிட்டுவதில்லை, கதவும் அசைவதில்லை. உள்ளேயிருக்கும் பாட்டரி தன் மின்சாரத்தை முற்றும் இழந்துவிட்டது.

இங்கே தோன்றும் சிக்கல் ஒரு விடுகதையைப் போன்றது. பாட்டரிக்கு உயிரூட்ட வேண்டுமானால் முன்புறத்து மூடியாகிய பானெட்டைத் திறக்க வேண்டும். பானெட்டை விடுவிக்கும் நெம்புகோலோ காரின் உள்ளே, ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகில் இருக்கிறது. அதைத் தொடுவதற்குக் கதவு திறக்க வேண்டும். கதவு திறக்கவோ பாட்டரிக்கு உயிர் இருக்க வேண்டும்! பானைக்குள் இருக்கும் அகப்பையை எடுக்க அதே அகப்பையைத் தேடுவது போன்ற நிலை இது.

பூட்டிய கதவைப் பற்றிய பழங்கதை ஒன்று தமிழில் உண்டு. திருமறைக்காட்டுத் திருக்கோயிலின் வாயிற்கதவை மறைகள் வழிபட்டுத் திருக்காப்பிட்டுச் சென்றன என்றும், அது நெடுங்காலம் திறவாமலே கிடந்தது என்றும் பெரியபுராணம் கூறும். திறப்பதற்காக நாவுக்கரசர் பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. பின்னர் அதை அடைக்கச் சம்பந்தர் பாடத் தொடங்கியதும், முதற்பாட்டிலேயே கதவு மூடிக்கொண்டது. அடைத்தல் எளிது, திறத்தல் அரிது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இக்கதையில் நம் கருத்தைக் கவர்வது மற்றொரு செய்தி. பெரிய கதவு அடைபட்டுக் கிடந்த அந்நெடுங்காலத்தில் ஊர் மக்கள் வழிபாட்டை விட்டுவிடவில்லை. வேறொரு வாயில் வழியே உள்ளே சென்று இறைவனைத் தொழுது வந்தார்கள். காரிலும் அத்தகைய வேறு வாயில் ஒன்று உண்டு என்பதே நாம் சொல்ல வந்தது.

முதலில் நோயின் காரணத்தைக் காண்போம். நிறுத்தி வைத்த கார் உறங்குவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது அரைக்கண் மூடியே கிடக்கிறது. கடிகாரம் ஓடுகிறது. திருட்டைக் காட்டிக்கொடுக்கும் கருவி விழித்திருக்கிறது. பொத்தானின் ஆணைக்காகக் கதவுப் பூட்டு காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. இவையனைத்தும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் மின்சாரம் பருகுவதாகக் கொள்வோம். 30 நாளில், அதாவது 720 மணி நேரத்தில், அது 36 ஆம்பியர்-மணி ஆகிறது. சிறிய கார்கள் பலவற்றில் பொருத்தும் பாட்டரியின் மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ 35 ஆம்பியர்-மணிதான். நல்ல நிலையிலுள்ள வண்டி இதனினும் குறைவாகவே பருகும். ஆயினும் பாட்டரி சற்று முதுமை எய்தியிருந்தால் அந்தக் குறைவே போதும். வெப்பம் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. குளிரோ எஞ்சினைச் சுழற்றும் அதன் ஆற்றலைக் குறைக்கிறது. இவ்விரண்டையும் ஓராண்டுக்குள்ளேயே காட்டிவிடும் வடநாட்டில் பாட்டரிகள் விரைவில் தளர்வதில் வியப்பில்லை.

இனி எங்கள் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஏப்பிரல் நடுவில், எங்கள் மாடி வீட்டில் வாழ்ந்த கும்பகோணத்துப் பெரியவருக்குச் சிக்கல் எழுந்தது. அவருக்கு வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்பு நடந்தாக வேண்டும். அதுவரை அழைத்துச் சென்ற வாடகை வண்டிக்காரர், தம் தெரு முழுவதையும் தடுப்பு வைத்து அடைத்துவிட்டதால் அன்று வர இயலவில்லை. மகன் பெங்களூரில் இருந்தார். ஆம்புலன்சுக்குச் சொன்னபோது, வந்து சேர நெடுநேரம் ஆகும் என்ற மறுமொழி கிடைத்தது. மருத்துவத்திற்காக வெளியே செல்லத் தடையில்லை. ஆகையால் எங்கள் காரில் அழைத்துச் செல்வதென்று முடிவாயிற்று. ஊரடங்கால் மூன்று வாரமாக வாசலை விட்டு நகராதிருந்த அந்தக் காரோ ஊமையாகிவிட்டது.

பெரியவர் படிக்கட்டில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார். அவருடைய கால்கள் வீங்கியிருந்தன. மாமி கையில் மருத்துவக் கோப்புடன் நின்றார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு நான்கைந்து பேர் கூடிவிட்டனர். கண்ணாடியை உடைக்கலாம் என்றார் ஒருவர். கம்பியை வளைத்துக் கதவிடுக்கில் விடலாம் என்றார் மற்றொருவர். பெரியவர் மட்டும், “எனக்காக வண்டியை உடைக்க வேண்டாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். நாளை வரை பொறுக்கக் கூடியதன்று அது என்பதை அங்கிருந்த அனைவரும் அறிவோம்.

அப்போது பின்வரிசை வீட்டிலிருந்து கட்வால் நாட்டு முதியவர் ஒருவர் வந்தார். குடியிருப்பில் யாவரும் அவரைப் ‘பாபுஜி’ என்றே அழைப்போம். அரசு அலுவலகத்தில் அம்பாசிடர் ஓட்டி ஓய்வு பெற்றவர். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் காரைத் தவிர வேறெதையும் வண்டியென மதியாதவர். எங்களிடமிருந்து சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மின்சாரத்தை மட்டும் நம்பி எவனாவது கதவு செய்வானா, பேட்டா? இதற்குள் சாவி இருக்கும்” என்று இந்தியில் சொன்னார். பக்கவாட்டில் இருந்த சிறு விசையை அழுத்தி இழுத்ததும், அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய இரும்புச் சாவி ஒன்று வாளுறையிலிருந்து வாள் வருவது போல வெளியே வந்தது.

ஆனால் கதவில் துளையைக் காணோம். பாபுஜி குனிந்து, ஓட்டுநர் பக்கத்துக் கைப்பிடியின் ஓரத்தை விரலால் தடவினார். கைப்பிடிக்கு அடுத்து, அதே வண்ணத்தில், ஒரு சிறு மூடி இருந்தது. அதன் அடியில் நகம் நுழையும் அளவு கீறல். சாவியின் முனையை அதில் வைத்து மெல்ல நெம்பினார். மூடி கழன்று விழ, துளை தெரிந்தது. சாவியைத் திருப்பியதும் கதவு திறந்தது. எல்லாம் இரண்டு நிமிட வேலை.

அதன்பின் பானெட்டைத் திறப்பதில் தடையில்லை. அது கம்பியிழுப்பால் இயங்குவது, மின்சாரத்தை எதிர்பார்ப்பதன்று. நாள்தோறும் வாயிலுக்கு வரும் காய்கறி வண்டி அந்நேரம் வந்து நின்றது. அதற்கும் 12 வோல்ட் பாட்டரிதான். பாபுஜியின் வீட்டிலிருந்து இணைப்புக் கம்பிகள் வந்தன. வண்டிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க, இரண்டின் எஞ்சினும் நின்றிருக்க, அவர் வரிசை தவறாமல் பூட்டினார். சிவப்புக் கம்பியை முதலில் எங்கள் பாட்டரியின் நேர்முனையிலும், அடுத்துக் காய்கறி வண்டிப் பாட்டரியின் நேர்முனையிலும் கவ்வவிட்டார். கறுப்புக் கம்பியைக் காய்கறி வண்டிப் பாட்டரியின் எதிர்முனையில் பூட்டினார். அதன் மறுமுனையை எங்கள் பாட்டரியில் வைக்கவில்லை; பாட்டரிக்குச் சற்று அப்பால், வண்ணம் பூசாத எஞ்சின் இரும்பில் கவ்வவிட்டார். இறுதி இணைப்பின்போது பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும். இரண்டையும் அருகருகே விடலாகாது என்பதே காரணம். காய்கறி வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, எங்கள் காரைக் கிளப்பினோம். காவற்கருவி அலறியது, சாவிப் பொத்தானை அழுத்தியதும் அடங்கியது. பூட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கம்பிகளைக் கழற்றினார். பெரியவர் மருத்துவமனை சென்று, சுத்திகரிப்பு முடிந்து, மாலையில் வீடு திரும்பினார்.

அந்த நாளுக்குப் பின் எங்கள் குடியிருப்பில் பலரும் தத்தம் சாவியைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினர். அவ்வாறு பார்த்துக் கற்ற சிலவற்றை இங்கே பகிர்வது பயன் தரும்.

கார் திறவாவிட்டால் இறந்தது எந்த மின்கலம் என்று முதலில் அறிய வேண்டும். பானெட்டுக்குள் இருப்பது 12 வோல்ட் பாட்டரி. சாவிக்குள் இருப்பது பொத்தானளவு மின்கலம். பல சாவிகளில் அது 3 வோல்ட் உடைய சி.ஆர்.2032 என்னும் வகை. மாற்றுச் சாவியால் கதவு திறந்தால் பழுது சாவியில் உள்ளது எனக் கொள்ளலாம். மாற்றுச் சாவி இல்லாவிடினும் மறைசாவியால் கதவைத் திறக்கலாம். பொத்தானால் கிளம்பும் கார்கள் பலவற்றில், உயிரற்ற சாவியையே அந்தப் பொத்தானின் மேல் ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எஞ்சின் கிளம்பும். சாவிக்குள் இருக்கும் ஒரு நுண்சில்லு, தனக்கென மின்கலம் வேண்டாமல், காரிலிருந்தே ஆற்றலைப் பெற்று விடையளிக்கிறது.

மறைசாவி பெரும்பாலும் ஓட்டுநர் கதவை மட்டுமே திறக்கும். மற்றக் கதவுகளை உள்ளிருந்து கையால் விடுவிக்க வேண்டும். மின்சாரத்தால் திறக்கும் டிக்கி திறவாது. அதிலுள்ள பொருளை, பின்னிருக்கையை மடித்து எடுக்க வேண்டிவரலாம். கம்பியை நுழைக்கும் பழைய உத்தி இன்றைய கதவுகளுக்கு ஏற்றதன்று. உள்ளே மின்கம்பிகளும், சில வண்டிகளில் மோதலின்போது விரியும் காற்றுப் பைகளுக்கான கருவிகளும் உள்ளன. பாட்டரி வீங்கியோ வெடித்தோ அமிலம் கசிந்தோ இருந்தால் இணைப்புக் கம்பியைத் தொடவே கூடாது. மின்சாரத்தாலேயே ஓடும் புதிய கார்களிலும் கதவுப் பூட்டுகளுக்கென 12 வோல்ட் பாட்டரி தனியே உண்டு, அதுவும் தளரக்கூடியதே. கைப்பிடியே தெரியாதபடி வழவழப்பாகச் செய்த கதவுகளுக்கு மாற்று வழி எங்கே உள்ளது என்பதை வண்டியோடு தரும் கையேட்டைப் பார்த்தே அறிய வேண்டும்.

ஊருக்குப் புறப்படும் முன் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைப்பது நல்ல வழக்கம். கழற்றிய பின் கதவை மறைசாவியாலேயே பூட்ட வேண்டும். திரும்பி வந்ததும் அதனாலேயே திறக்க வேண்டும்.

ஒரே ஒரு நிலையில் மேற்கூறிய பொறுமை யாவும் தகாது. பூட்டிய காருக்குள் குழந்தையோ முதியவரோ அகப்பட்டிருந்தால், சாவியைத் தேடி நிற்கலாகாது. வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி வரை சூடேறக்கூடும். உள்ளே இருப்பவர் விவரம் அறிந்தவராயின், முன்கதவின் உட்கைப்பிடியை இழுக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கார்களில் அது மின்சாரமின்றியே திறக்கும். பின்கதவில் குழந்தைப் பூட்டு இட்டிருந்தால் உள்ளிருந்து திறவாது. கைக்குழந்தையாயின், அதற்குத் தொலைவிலுள்ள பக்கக் கண்ணாடியை மூலையில் அடித்து உடைக்க வேண்டும். முன்கண்ணாடி இடையே படலம் வைத்துச் செய்யப்படுவதால் எளிதில் உடையாது. அதே வேளையில் ஒருவர் 112 என்னும் எண்ணை அழைக்கட்டும். கண்ணாடியின் விலை கணக்கில் வரும் நேரமன்று அது.

வேற்றூரில் வாழும் நமக்கு உறவினர் கூப்பிடு தொலைவில் இல்லை. கதவைத் திறக்கத் தெரிந்த ஒருவர் நம் வரிசையிலேயே இருக்கலாம். அவர் பேசுவது வேறு மொழியாக இருக்கலாம். அன்று கும்பகோணத்தாரைக் காப்பாற்றியது கட்வால்காரரின் விரல்களும், காய்கறிக்காரரின் பாட்டரியும் ஆகும். ஆயினும் ஒவ்வொரு முறையும் பாபுஜி வருவார் என்று இருத்தல் முறையன்று. வரும் ஞாயிற்றுக்கிழமை, காப்பி குடித்த கையோடு, வீட்டிலுள்ள அனைவரும் கீழே இறங்கிச் செல்லுங்கள். மறைசாவியை உருவுங்கள்; மூடியைக் கண்டுபிடியுங்கள்; பொத்தானைத் தொடாமல் கதவை ஒருமுறை திறந்து பாருங்கள். வண்டி ஓட்டாத பாட்டிக்கும் பள்ளி செல்லும் பிள்ளைக்கும் அதைக் காட்டுங்கள். துளசிக்கு நீர் ஊற்றும் அடுத்த வீட்டாரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.