மஞ்சள் பூத்த கவசம்

எங்க காட்டுல வெயில்ல கிடக்கற பிளாஸ்டிக் பெரும்பாலும் கருப்புதான். சொட்டுநீர்க் குழாய் கருப்பு, நாத்து விடற குழித்தட்டு கருப்பு, தண்ணித் தொட்டி கருப்பு. அழகுக்காக இல்லீங்க. அதுல கரித்தூள் கலந்திருக்கும். வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிரை உள்ளே இறங்க விடாம அந்தக் கரி தடுத்துக்கும். வெள்ளை பிவிசி குழாயை வரப்பு மேலயே போட்டு வச்சிருந்தா, கொஞ்ச வருஷத்துல பழுப்பாகி, மம்பட்டிக் காம்பு பட்டாலே சில்லுசில்லா உடையும். அதனாலதான் அதை மண்ணுக்குள்ள புதைக்கிறோம்.

இந்தத் தோட்டத்து விவரம் ஒரு சினிமாச் சிப்பாயோட உடுப்புக்கு உதவும்னு நான் நினைச்சதில்லை.

அக்கா பையன் சென்னையில இருக்கான். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துல தலையிலிருந்து கால்வரைக்கும் வெள்ளைக் கவசம் போட்டு வருவாங்களே, ஸ்டார்ம்ட்ரூப்பர்னு, அந்த வேஷம் கட்டறவன். ஊர்ல கூத்துக்கு வேஷம் கட்டறதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதுல சிரிக்க ஒண்ணுமில்லை. மார்பு, முதுகு, தோள், தொடை, முழங்கால்னு தனித்தனித் துண்டுகள். எட்டு வருஷமா ஜன்னலோரம் பொம்மை மேல மாட்டி வச்சிருந்திருக்கான். வெயில் பட்ட பக்கம் பழைய சோத்து மஞ்சள், மறுபக்கம் வெள்ளை. பாதி முகத்துக்கு மஞ்சள் பூசின மாதிரி இருந்தது.

போன மாசம் மூணு மூட்டையோட வந்து இறங்கினான். வேலை போயிருச்சு. விக்கணும்.

“வெள்ளையா இருந்தா நாப்பதாயிரம் போகும் மாமா. இப்படியே குடுத்தா பாதிகூடத் தேறாது. அபார்ட்மென்ட்ல மொட்டை மாடியைப் பூட்டி வச்சிருக்காங்க. உங்க களத்துல வெயில் சும்மாதானே கிடக்கு?”

அந்தக் கவசம் ஏபிஎஸ்ங்கற பிளாஸ்டிக். 1977ல வந்த முதல் படத்துக்கும் அந்தத் தகட்டைச் சூடாக்கி, அச்சு மேல விரிச்சு, காத்தை உறிஞ்சித்தான் கவசம் செஞ்சாங்க. அக்ரிலோநைட்ரைல், பூட்டாடையீன், ஸ்டைரீன் மூணும் சேர்ந்ததுதான் ஏபிஎஸ். நடுவுல இருக்கற பூட்டாடையீன் ரப்பர் சாதி. தட்டினா உடையாம வளைஞ்சு குடுக்கறது அதோட வேலை. வெயிலும் காத்தும் முதல்ல பிடிச்சுத் தின்னறதும் அதைத்தான். தின்ன இடம் மஞ்சளாகும், மொடமொடன்னு ஆகும்.

மஞ்சளை எடுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு வேணும்னான். மாட்டுப் புண்ணு கழுவ கொட்டாய்ல எப்பவும் ஒரு பாட்டில் இருக்கும். அது பத்தாதுன்னு மெடிக்கல்ல ஆறு சதவீதம் போட்டதா நிறைய வாங்கிட்டு வந்தோம். பெரிய துண்டுகளுக்கு, சலூன்காரங்க முடி வெளுக்க வச்சிருக்கற பன்னெண்டு சதவீதக் கிரீம். எங்க மாமனார், “கிணத்துக்குப் போடற பிளீச்சிங் பவுடர்ல ஊறப் போடுங்க”ன்னார். அது வேண்டாம்னுட்டோம். குளோரின் அந்தப் பிளாஸ்டிக்கை இன்னும் கெடுத்துரும்.

வார், ஒட்டுப்பட்டை எல்லாம் கழட்டி, சோப்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவினோம். கை, கால் துண்டுகளைக் கண்ணாடி மாதிரித் தெரியற பிளாஸ்டிக் டப்பாவுல முழுசா முங்க வச்சோம். மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே ஆக்சிஜன் கிளம்பிட்டே இருக்கும். மார்புக்கும் முதுகுக்கும் கிரீமைத் தடவி, காய்ஞ்சிராம மெல்லிசான பாலித்தீன் தாள் சுத்தினோம். காய்ஞ்ச இடமும் ஈரமா இருக்கற இடமும் வேற வேறயா வெளுத்தா மேகம் மாதிரித் திட்டு விழும். அதனால அரைமணிக்கு ஒருக்கா தாளைப் பிரிச்சுத் திருப்பித் தடவணும். கையுறை, கண்ணாடி இல்லாம தொடக் கூடாது. கோழியை அடைச்சு, நாயைக் கட்டிப் போட்டாச்சு. எங்க உச்சி வெயில்ல மெல்லிசுத் தகடு நெளிஞ்சிரும்னு பயந்து, காலையில ஏழிலிருந்து பதினொண்ணு வரைக்கும்தான் காய வச்சோம்.

பக்கத்துத் தோட்டத்து ஆத்தா வேலியோரம் நின்னு பார்த்துட்டு, “என்னங்கண்ணு, வடகமா?”ன்னாங்க.

மூணு காலை ஆச்சு. கவசத்தோட உள்பக்கம் வெயிலே பார்க்காதது. அதை வச்சு ஒத்துப் பார்த்தா, வெளிப்பக்கம் ஏறக்குறைய அந்த நிறத்துக்கு வந்திருந்தது. மஞ்சளாக்கின அதே வெயில்தான் பெராக்சைடோட சேர்ந்து மஞ்சளை எடுத்ததுங்கறது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பையன் குதிச்சான். நான் முழங்கால் துண்டோட ஓரத்தை மெல்ல வளைச்சேன். ‘நறுக்’குன்னு ஒரு சத்தம், மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

“வெளுத்தது தோல்தான் மாப்ள. செத்த ரப்பர் திரும்பி வரல.”

ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோன்ல கரைச்சுக் கூழாக்கி, உள்பக்கம் துணி வச்சு ஒட்டினோம். வெளியில இருந்து பார்த்தா தெரியவே தெரியாது. அதுதான் அவனுக்குச் சௌகரியமா இருந்தது.

“வாங்கறவங்ககிட்ட இதைச் சொல்லணுமா மாமா?”

சந்தையில கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவி, எண்ணெய் தடவி, பெயின்ட் அடிச்சு நிறுத்துவாங்க. தெரிஞ்சவன் கொம்பைப் பார்க்க மாட்டான், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். இதுக்குப் பல்லு இல்லையே. படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பறவன் எதைத் திறந்து பார்ப்பான்? இதைத்தான் அவன்கிட்டக் கேட்டேன். அவனுக்கு ரெண்டு மாச வாடகை பாக்கி இருந்ததும் எனக்குத் தெரியும். அதுக்கு மேல நான் பேசலை.

சாயங்காலம் அவனாவே படம் எடுத்தான். வெளிப்பக்கம் நாலு, ஒட்டுப் போட்ட உள்பக்கம் ரெண்டு. பெராக்சைடுல வெளுத்தது, ஓரங்கள் நொறுங்கும், இருட்டுல வச்சாலும் மெல்ல மஞ்சள் திரும்பலாம்னு எல்லாத்தையும் எழுதினான். முதல்ல கேட்டவர் ஒதுங்கிக்கிட்டார். பெங்களூருக்காரர் ஒருத்தர், போட்டுக்கறதுக்கு இல்லை, அலமாரியில வைக்கத்தான்னு சொல்லி இருபத்தாறாயிரத்துக்கு எடுத்துக்கிட்டார். ஜன்னல் பக்கம் வச்சிராதீங்கன்னு பையன் ரெண்டு தடவை போன்ல சொன்னான்.

மிச்ச பெராக்சைடு கொட்டாய்ல இருக்கு. செவலைக்குக் குளம்புல புண்ணு, தண்ணி கலந்து அதைத்தான் ஊத்திட்டு இருக்கேன்.