மூன்று புள்ளிகள்

மனிதனாகப் பிறந்தவனுக்கு ஏதாவது ஒரு பித்து இருக்கத்தான் செய்கிறது. தபால்தலை சேர்ப்பவரை உலகம் ரசிகர் என்கிறது. பழைய நாணயம் சேர்ப்பவரைச் சரித்திர ஆர்வலர் என்கிறது. பழைய ஸ்பானர் சேர்ப்பவனை மட்டும் பழைய இரும்புக்காரன் என்கிறது. என் வீட்டிலும் அதே அபிப்பிராயந்தான். "கதை எழுதுகிறவருக்கு எதற்கு இத்தனை இரும்பு?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. கேள்வி நியாயமானது. பதில்தான் சற்று நீளம்.

சென்னையில் மூர் மார்க்கெட் இருந்தவரை இந்தப் பித்துக்கு அங்கே தீனி கிடைத்தது. 1985இல் அது தீக்கு இரையாயிற்று. இப்போது என் யாத்திரையெல்லாம் புதுப்பேட்டைக்குத்தான். உடைத்த வண்டிகளின் உறுப்புகளுக்கு நடுவே, ஏதாவது ஒரு கடையின் மூலையில் ஒரு கோணிச் சாக்கு கிடக்கும். அதைக் கவிழ்த்தால் துருப்பிடித்த ஸ்பானர்களும், மூக்குத் தேய்ந்த திருப்புளிகளும், வாய் திறக்க மறுக்கும் கட்டிங் பிளேயர்களும் சரியும். கடைக்காரருக்கு அது கிலோக் கணக்கு. எனக்கு எழுத்துக் கணக்கு.

ஆம், ஸ்பானரைப் படிக்க வேண்டும். பார்த்தவுடன் விளங்கிவிடாது. ஒன்றில் 1/2 என்று இருக்கும். இன்னொன்றிலும் 1/2 என்றே இருக்கும். ஆனால் ஒன்றின் வாய் மற்றதைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு அகலம்! அமெரிக்கக்காரர் வாயின் அகலத்தைப் பொறித்தார். அரை அங்குலம் என்றால் அரை அங்குல வாய். பிரிட்டிஷ்காரர் வாயை விட்டுவிட்டு, அந்த ஸ்பானர் எந்த போல்ட்டுக்கு உரியதோ அதன் தண்டின் கனத்தைப் பொறித்தார். அரை அங்குல போல்ட்டின் தலையைப் பிடிக்க 0.92 அங்குல வாய் வேண்டும். அத்தகைய ஸ்பானரில் அளவுக்குப் பக்கத்தில் 'டபிள்யூ' என்று ஓர் எழுத்து நிற்கும். அது ஜோசப் விட்வொர்த் என்பவரின் பெயர்.

அவருக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றியபடி மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட் மற்றொன்றின் போல்ட்டில் ஏறாது. 1841இல் விட்வொர்த், மரையின் சரிவு 55 டிகிரி, இன்ன கனத்துக்கு ஓர் அங்குலத்தில் இத்தனை மரை என்று ஒரு விதியை முன்வைத்தார். சண்டை போட்டுக்கொண்டிருந்த நட்டும் போல்ட்டும் சம்பந்திகளாயின.

அந்த விதி கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி சென்னையில் ஏற்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாராகத் தொடங்கியபோது, வண்டி பிரிட்டிஷ் ஜாதகத்தோடுதான் பிறந்தது. கால் அங்குல விட்வொர்த் ஸ்பானரின் வாய் 0.525 அங்குலம், மில்லிமீட்டரில் 13.3 சொச்சம். இன்றைய பதிமூன்று நம்பர் அந்த நட்டில் நுழையாது. பதினாலு நம்பர் நுழையும்; ஆனால் லொடலொடக்கும். பலங்கொண்டு திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கிப் போகும். பிறகு உளியும் சுத்தியலுந்தான் கதி.

சில ஸ்பானர்களில் அம்பின் முனை போன்ற முத்திரை இருக்கும். பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்தது என்று பொருள். பக்கத்தில் 1943 என்றோ 1944 என்றோ இருந்தால், அது போர்க்களத்து லாரிக்கு அடியில் கிடந்து வந்திருக்கலாம் என்று மனம் கற்பனைக்குக் கிளம்பிவிடும். கதை எழுதுகிறவனுக்கு அவ்வளவு போதாதா?

படிப்பதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். இங்கேதான் பொறுமை. முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவேன். பிறகு வினிகரில் ஓர் இரவு. காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் துரு கறுப்புக் குழம்பாக வழியும். சோடா உப்புத் தண்ணீரில் அலசி, புளிப்பை முறித்து, உடனே துடைத்து வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் மாலைக்குள் மறுபடி செந்துரு பூத்துவிடும். குரோமியம் பூசியதை இப்படி ஊறவைக்கலாகாது, பூச்சு உரியும். சாணைச் சக்கரத்தில் கொடுப்பது மகா பாதகம். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். அதிகச் சூடேறினால் இரும்பின் பதமும் கெடும்.

அப்படி ஒரு நாள் கால் அங்குல விட்வொர்த் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியின் எழுத்துகளுக்குக் கீழே மூன்று புள்ளிகள் தென்பட்டன. கம்பெனிக்காரன் வைத்ததல்ல. சென்டர் பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் தட்டி, வரிசை கோணாமல் யாரோ ஒரு தொழிலாளி வைத்தது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில், 'இது என்னுடையது' என்று சொல்ல அந்த மூன்று புள்ளிகள் போதும். கையெழுத்துப் போடத் தெரிந்தவரோ, தெரியாதவரோ, ஆயுள் முழுவதும் அந்தக் கருவியால் அவர் சோறு சம்பாதித்திருப்பார். ஒரு நாள் கை ஓய்ந்திருக்கும். பெட்டி சாக்குக்கு வந்திருக்கும்.

அன்று முதல் எனக்குள் ஓர் உறுத்தல். உழைத்த கருவியை எண்ணெய் தடவிக் கண்ணாடி அலமாரியில் படுக்கவைப்பது அதற்கு மரியாதையா, அவமரியாதையா?

பதில் எங்கள் தெருமுனையிலிருந்து வந்தது. அங்கே பட்டறை வைத்திருக்கும் பையன், பழைய புல்லட் ஒன்றோடு பதினாலு நம்பரை வைத்துக்கொண்டு மல்லாடிக்கொண்டிருந்தான். "மூலை மழுங்குது சார்," என்றான். வீட்டுக்குப் போய் அந்த ஸ்பானரைக் கொண்டுவந்து கொடுத்தேன். நட்டில் போட்டான். கச்சிதமாகப் பிடித்தது. ஒரே திருகில் இளகியது.

திருப்பித் தர வந்தான். "நீயே வைத்துக்கொள்," என்றேன். சொல்லும்போது நெஞ்சில் சற்று வலித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவன் ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்தப் புள்ளியை அரத்தால ராவிட்டு என் அடையாளம் போட்டுக்கட்டுமா சார்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. கொடுத்தபின் கட்டளையிட எனக்கு என்ன பாத்தியதை? அவனே சற்று யோசித்தான். பிறகு அரத்தைக் கீழே வைத்துவிட்டு, சென்டர் பஞ்ச்சை எடுத்து, மூன்று புள்ளிகளுக்குப் பக்கத்தில், சிறிது இடம் விட்டு, இரண்டு புள்ளிகள் தட்டினான்.

"பெரியவரும் இருக்கட்டும் சார். நாளைக்கு நமக்கும் ஒருத்தன் இடம் விடணுமில்ல?" என்றான்.