கசிவின் தடம்

நுழையும்முன்

பழுதை நீக்குவதற்கு முன் அது பிறந்த இடத்தை அறிய வேண்டும். இவ்வறிவு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. வயலில் நிற்கும் உழவருக்கும் பட்டறையில் குனிந்திருக்கும் தொழிலாளருக்கும் உரியது. சின்னசேலத்துப் பட்டறை ஒன்றில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்ச் பழுது கண்டறியப்பட்ட விதத்தை இக்கட்டுரை கூறுகிறது.

மலையிலிருந்து இறங்கிய கார்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் சின்னசேலம். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரிகளும் கரும்பு இழுக்கும் டிராக்டர்களும் ஓயாது செல்லும் அச்சாலையோரப் பட்டறைகளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஒன்றின் வாசலில், ஒருநாள் மாலை, தரையோடு தரையாகத் தாழ்ந்த சிவப்பு நிறக் கார் ஒன்று வந்து நின்றது. கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்குச் சென்று, கச்சிராயபாளையம் வழியாக இறங்கிய கார் அது.

கொண்டைஊசி வளைவுகளில் கிளட்சை மிதித்து மிதித்து இறங்கியதில் கோளாறு தெரியத் தொடங்கியது. ரிவர்ஸ் கியர் போடும்போது பற்கள் நறநறத்தன. கிளட்சை முழுவதும் மிதித்துக்கொண்டு நின்றாலும் கார் மெல்ல முன்னே நகர்ந்தது. “கிளட்ச் பிளேட் போய்விட்டது, முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும்” என்று வழியில் ஒருவர் கூறியிருந்தார். உரிமையாளரும் அதற்கு அணியமாகவே வந்திருந்தார்.

“மாத்திடலாம் சார். ஆனா ஒன்னு சொல்லுங்க. மலை ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்தி, வண்டி இழுக்காம நின்னுச்சா?” என்று பட்டறைக்காரர் கேட்டார்.

“இல்லைங்க. ஏறும்போது நல்லாத்தான் இழுத்தது.”

அந்த ஒரு விடையிலேயே தேடலின் திசை மாறியது.

வழுக்கலும் ஒட்டலும்

கிளட்ச் செய்யும் பணிகள் இரண்டு: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது, வேண்டும்போது பிரிப்பது. பிளேட் தேய்ந்தால் இணைப்புத் தளர்ந்து வழுக்கும். எஞ்சின் வேகம் கூடும், வண்டியின் வேகம் கூடாது. இந்தக் காரிலோ இணைப்பு உறுதியாக இருந்தது, பிரிப்பதில்தான் குறை. எனவே, காலின் விசை கிளட்சை முழுமையாகச் சென்றடையவில்லையோ என்று ஐயுற வேண்டியிருந்தது.

ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் வலிமை மிக்கது. அதைத் தாங்கும் கிளட்சின் சுருள்விசையும் கடுமையானது. அதை எளிதாக அழுத்துவதற்கே திரவ அமைப்பு பயன்படுகிறது. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் திரவத்தைத் தள்ளும். குழாய் வழியே சென்ற அழுத்தம் கீழேயுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் தண்டைத் தள்ளும். அத்தண்டு கிளட்சை விடுவிக்கும். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியே இதன் அடிப்படை.

எடுத்துக்காட்டாக, மாஸ்டரின் விட்டம் 16 மி.மீ., ஸ்லேவின் விட்டம் 20 மி.மீ. என்றால் விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஆனால் மாஸ்டர் 16 மி.மீ. நகர்ந்தால் ஸ்லேவ் 10 மி.மீ. அளவே நகரும். விசையில் பெற்றதைத் தொலைவில் இழக்கிறோம். ஆகவே, வழியில் சிறிது திரவம் தவறினாலும் கிளட்ச் முழுமையாகப் பிரியாது.

கடைமடையிலிருந்து தலைமடைக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுத் தொழில் பழக வந்த இளைஞன் கைவிளக்குடன் காரின் அடியில் படுத்தான். ஸ்லேவின் ரப்பர் உறை காய்ந்திருந்தது. குழாய் இணைப்புகளில் ஈரமில்லை. மிதியின் மேற்புறத்திலும் ஈரமில்லை. திரவக் கலத்தின் அளவும் குறையவில்லை. நிறம் மட்டும் கருத்திருந்தது.

“எங்கயும் கசிவு இல்லண்ணே. அப்ப பிளேட்டுதான்” என்றான்.

“அவசரப்படாத தம்பி. கடைமடைக்குத் தண்ணி வரலன்னா என்ன செய்வோம்? வாய்க்கால புடிச்சு மேல நடப்போம். கரை மேல ஈரமே இருக்காது; உள்ள நண்டு வளை இருக்கும்.”

கோமுகி அணைப் பாசனப் பகுதியில் வளர்ந்த அவனுக்கு அது விளங்கியது.

முதலில் ஸ்லேவின் தண்டருகே அளவுகோலை வைத்தனர். மிதியை அழுத்தியதும் தண்டு 10 மி.மீ. நகர்ந்தது. மிதியை அப்படியே அழுத்திப் பிடித்திருக்க, தண்டு மெல்ல மெல்லப் பின்வாங்கி 6 மி.மீ. அளவில் நின்றது. தண்டு முழு அளவு நகர்ந்து நிலைத்திருந்தால் பழுது கிளட்சின் உள்ளே இருக்கலாம். இங்கோ அழுத்தமே நிலைக்கவில்லை.

அடுத்து, மாஸ்டர் சிலிண்டரின் வெளிவாயிலிலிருந்து குழாயைக் கழற்றித் திருகாணியால் வாயிலை அடைத்தனர். இப்போது மிதி பாறைபோல் நிற்க வேண்டும். நிற்கவில்லை; மெதுவாகத் தரையை நோக்கித் தாழ்ந்தது. குழாயும் ஸ்லேவும் குற்றமற்றவை என்பது தெளிவாயிற்று. மாஸ்டரின் உள்ளே பிஸ்டனைச் சூழ்ந்த ரப்பர் வளையத்தின் விளிம்பைத் தாண்டித் திரவம் மீண்டும் கலத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. கலத்தின் அளவு குறையாததும் அதனால்தான்.

சிறு வளையம்

கிளட்ச் தொகுதியை மாற்றியிருந்தால் கியர்பாக்ஸை இறக்கி ஒருநாள் முழுவதும் உழைத்திருக்க வேண்டும், பெருந்தொகை செலவாகியிருக்கும், பழுதோ அப்படியே இருந்திருக்கும். அந்தக் காரில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் திரவக் கலம் ஒன்றே. எனவே, கருத்த திரவத்தைக் கவனியாமல் விடுவது மலைச்சாலையில் உயிருக்கே ஊறு விளைவிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசில் கொதிக்கும். ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதனால்தான்.

மறுநாள் சேலத்திலிருந்து பேருந்தில் புதிய வளையங்கள் வந்தன. சிலிண்டரின் உட்சுவரில் கீறல் இல்லை என்று உறுதிசெய்த பின், அதைப் புதிய பிரேக் ஆயிலாலேயே கழுவினர். பெட்ரோலோ எஞ்சின் ஆயிலோ பட்டால் ரப்பர் வளையம் உப்பிக் கெட்டுவிடும். பிரேக்கின் பழைய திரவத்தையும் மாற்றினர். பிறகு ஒருவர் மிதிக்க, மற்றவர் ஸ்லேவின் காற்றுத் திருகைத் திறந்து மூட, குமிழிகள் நீங்கும்வரை பொறுமையாகக் காற்றை வெளியேற்றினர். மீண்டும் அளவுகோல் வைக்கப்பட்டது. தண்டு 10 மி.மீ. நகர்ந்து, அங்கேயே நின்றது.

“புது கிளட்சுக்குப் பணம் கொண்டுவந்தேனே” என்றார் உரிமையாளர்.

“உங்க கிளட்ச் நல்லா இருக்கு சார். நல்லா இருக்கறத மாத்துனா எப்படிங்க காசு வாங்கறது?” என்று கூறிய பட்டறைக்காரர், வளையங்களுக்கான விலையையும் இரண்டு நாள் கூலியையும் மட்டும் பெற்றுக்கொண்டார்.

கார் நெடுஞ்சாலையில் ஏறி மறைந்தது. கழற்றிய பழைய வளையத்தை இளைஞன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அதன் விளிம்பில் நகக்கீறல் அளவு தேய்வு. அதை எறியாமல் ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கருவிகளைத் துடைத்து அடுக்கும்போது, முதலில் அளவுகோலைத் துடைத்தான்.